‘அட்மின் எங்கே போனார்?’ – வாசகர் கேள்வி பதில்

அரசியல் பேச்சும் திருநர் பற்றிய பேச்சும் வந்தவுடன் குழுக்கள் ஏன் இரண்டாகப் பிரிகின்றன, அட்மின் என்ன செய்யலாம் என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த இதழில் எடுத்திருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவுக்கு நான் அட்மின். 600 பேருக்கு மேல் இருக்கிறார்கள். ‘அரசியல் வேண்டாம்’ என்று விதி போட்டும் கிழமைக்கு ஒரு சண்டை. விதியை இறுக்குவதா, எடுத்துவிடுவதா? – கொட்டாஞ்சேனை

எடுத்துவிடுங்கள். அந்த விதியை யாராலும் நடைமுறைப்படுத்த முடியாது. மின்கட்டணம் அரசியலா? மே 18 அன்று ஒருவர் விளக்குப் படம் போட்டால் அது அரசியலா, அஞ்சலியா? பாடசாலைக்கு அதிபர் நியமனம் தாமதமாகிறது என்று எழுதினால்? ஒவ்வொரு முறையும் அட்மின்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டிவரும். தனக்குப் பிடித்தது ‘தகவல்’, பிடிக்காதது ‘அரசியல்’ என்று அவருடைய கை தன்னையறியாமல் பிரித்துவிடும். உறுப்பினர்கள் இதைக் கண்டுபிடிக்க இரண்டு கிழமை போதும்.

பேசுபொருளைத் தடுக்காமல், மெசேஜ் எதைக் குறிவைக்கிறது என்று பாருங்கள். ஒரு கூற்றையா, குழுவில் இருக்கும் ஆளையா? 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்குப் போனது. “தமிழ்க் கட்சிகள் பிரிந்து நின்றதால்தான் இது நடந்தது” என்று ஒருவர் எழுதினால் அது கூற்று. பிழையென்றால் இன்னொருவர் மறுத்து எழுதட்டும். “அவங்களுக்குப் போட்ட துரோகியள் இந்தக் குழுவிலயும் இருக்கினம்” என்றால் அது ஆளைக் குறிவைக்கிறது, நீக்க வேண்டும். ‘துரோகி’ என்ற சொல்லை நம்மவர்களிடையே வெறும் வசவாகக் கணக்கெடுக்கக் கூடாது. அந்தப் பெயர் சூட்டப்பட்டு ஆட்கள் கொல்லப்பட்ட வரலாறு நமக்கு இருக்கிறது. உறுப்பினர் ஒருவரைப் பார்த்து அந்தச் சொல் வந்தால் எச்சரிக்கையோடு நிறுத்த வேண்டாம், அந்த மெசேஜை உடனே எடுத்துவிடுங்கள்.

விதி ஐந்து வரிக்கு மேல் போகக் கூடாது. குழு விபரத்தில் அதை ஒட்டிவிடுங்கள். பின்வருமாறு எழுதலாம்: ‘எதைப் பற்றியும் பேசலாம். குழுவில் உள்ளவரின் குடும்பம், சாதி, சமயம், உடல், பால்நிலை, வாக்கு ஆகியவற்றை வைத்து அவரைத் தாக்கக் கூடாது. மற்றவரின் தனிப்பட்ட தகவலையும் படத்தையும் அவர் சம்மதமில்லாமல் போடக் கூடாது. ஃபோர்வேர்ட் போடுபவர் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். அட்மினின் முடிவில் குறையிருந்தால் தனியாக எழுதுங்கள், 24 மணி நேரத்துக்குள் பதில் வரும்.’ கடைசி வரிதான் பல குழுக்களில் இல்லாதது. அது இல்லாவிட்டால் முறைப்பாடு முழுவதும் குழுவுக்குள்ளேயே நடக்கும், மூலச் சண்டையைவிட அது நீளும்.

600 பேருக்கு ஓர் அட்மின் போதாது. ஐந்து பேர் வேண்டும், மூன்றுக்குக் குறையவே கூடாது. ஒரே கட்சிக்காரர்களாக இருக்கக் கூடாது. விவாதத்தில் எழுதிய அட்மின் அதே விவாதத்தில் எதையும் நீக்கக் கூடாது, மற்றவரைக் கூப்பிட வேண்டும். அட்மின் ஒரு மெசேஜை நீக்கினால் நீக்கியவர் பெயர் குழுவில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் இது ஒழுங்குக்காக மட்டும் சொல்லும் விடயமல்ல.

வட்ஸ்அப்பில் ஒருவரை மட்டும் வாயடைக்க வழியில்லை. டெலிகிராமில் ஒருவரைக் குறித்த காலத்துக்கு எழுத விடாமல் வைக்கலாம். இங்கே குழு முழுவதையும் ‘அட்மின்கள் மட்டும் அனுப்பலாம்’ என்று பூட்டலாம், அல்லது ஆளை வெளியேற்றலாம். ஆகவே படிகள் மூன்றுதான். முதல் முறை தனிப்பட்ட மெசேஜ். இரண்டாம் முறை மெசேஜை நீக்கி, எந்த வரியை மீறியது என்று ஒரு வசனம். மூன்றாம் முறை 7 நாள் வெளியே. திரும்பச் சேர்க்கும் திகதியை அட்மின்களுக்கான தனிக் குழுவில் அன்றே குறித்துவையுங்கள். ஏழு நாள் என்று சொல்லிவிட்டு மறந்துபோவதால் வரும் கோபம், வெளியேற்றியதால் வரும் கோபத்தைவிடப் பெரியது.

இன்னொன்று, நேரம். கொழும்பில் இரவு 11 மணி ஆகும்போது ரொறன்ரோவில் கோடை காலத்தில் பிற்பகல் 1.30. இங்கே எல்லோரும் படுத்தபின் அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் விவாதம் தொடங்கும், காலையில் நீங்கள் எழும்போது 200 மெசேஜ் நிற்கும். அட்மின்களில் ஒருவர் கனடாவிலோ இலண்டனிலோ இருக்கட்டும். கிடைக்காவிட்டால் இரவு 11 முதல் காலை 6 வரை குழுவைப் பூட்டுங்கள்.

எங்களோடு படித்த ஒருவர் இப்போது திருநங்கை. குழுவில் சிலர் பழைய பெயரையே சொல்கிறார்கள். ‘அவர்’ என்று எழுதிவிட்டால் யாருக்கும் பிரச்சினையில்லை என்கிறார் ஒரு நண்பர். சரியா? – தெஹிவளை

தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் சரி. இங்கே சரிவராது. நம் பேச்சில் ‘அவர் வந்தவர்’ என்றால் ஆண், ‘அவ வந்தவ’ என்றால் பெண். ஒரு திருநங்கையை மரியாதையாகக் குறிப்பதாக நினைத்து ‘அவர் சொன்னவர்’ என்று எழுதினால், நம் காதுக்கு அது ஆண்பாலாகவே விழும். சங்க அறிக்கை மாதிரி எழுத்துத் தமிழில் எல்லாப் பெண்களையும் ‘அவர்’ என்று எழுதும்போது இவரையும் அப்படி எழுதலாம். பேச்சுத் தமிழில் நடக்கும் குழுவில் மற்றப் பெண்களுக்கு ‘அவ’ என்றால் இவவுக்கும் ‘அவ’தான். பெயரை மட்டும் சொல்லித் தப்பலாம் என்று பார்த்தாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும்: ‘வந்தார்’, ‘வந்தா’ என்று ஏதாவது ஒன்றில் முடிந்தே ஆக வேண்டும்.

‘மச்சான்’ வேறு கதை. பட்ச் குழுக்களில் அது எல்லோருக்கும் போகிறது. சிலருக்கு அது பழைய நெருக்கம், சிலருக்கு ஊசி. ஊகிக்காமல் அவவிடமே கேளுங்கள். அட்மின்களில் ஒருவர், தனியாக, மூன்றே கேள்வி: என்ன பெயர், எப்படிக் கூப்பிட வேண்டும், குழுவில் யாருக்குத் தெரியும் யாருக்குத் தெரியாது. மூன்றாவதைக் கேட்காமல் குழுவில் ‘எல்லோரும் இனி இந்தப் பெயரில் அழைக்கவும்’ என்று அறிவித்தால், நல்ல எண்ணத்தோடு நீங்களே அவவைக் காட்டிக்கொடுத்தவராவீர்கள்.

வட்ஸ்அப்பில் பலர் கவனிக்காத ஒன்று. ஒருவரின் பெயர் ஒவ்வொரு தொலைபேசியிலும் அந்தத் தொலைபேசிக்காரர் சேமித்த விதத்தில்தான் தெரியும். ‘@’ போட்டு அழைத்தாலும் அப்படித்தான். பத்து வருடத்துக்கு முன் பழைய பெயரில் சேமித்தவரின் திரையில் பழைய பெயரே நிற்கும். அவர் ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போட்டால் குழு முழுவதும் அதைப் பார்க்கும், அவர் வேண்டுமென்று செய்ததாகவும் நினைக்கும். அவவை அறிந்தவர்களிடம் ‘தொலைபேசியில் பெயரை மாற்றிச் சேமியுங்கள்’ என்று தனித்தனியாகச் சொல்வது, குழுவில் நீண்ட விளக்கம் எழுதுவதைவிடப் பலன் தரும்.

வாய்தவறுதலையும் வேண்டுமென்று செய்வதையும் பிரித்துப் பாருங்கள். இருபது வருடம் ஒரு பெயரைச் சொன்ன நாக்கு தடுமாறும். ‘இப்ப பெயர் இது’ என்று தனியாக ஒரு வரி போதும். சொல்லியும் மூன்றாம் முறை வந்தால் அது தடுமாற்றமில்லை, முன்பு சொன்ன படிகள் அப்படியே பொருந்தும். பழைய வகுப்புப் படங்களைப் பெயர்களோடு போடுவதற்கு முன் அவவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே போட்டதை நீக்க வேண்டுமா என்பதும் அவவின் முடிவு.

சொற்களைப் பற்றி ஒரு வரி. திருநங்கை என்றால் பெண்ணாக வாழ்பவர், திருநம்பி என்றால் ஆணாக வாழ்பவர், இருவருக்கும் பொதுவாகத் திருநர். ‘மூன்றாம் பாலினம்’ என்பதைப் பலர் விரும்புவதில்லை, ‘நாங்கள் மூன்றாவதில்லை, பெண்தான், ஆண்தான்’ என்கிறார்கள். ‘தமிழ் இலக்கணத்தில் இவர்களுக்கு இடமே இல்லை’ என்று வாதிக்கும் வாத்தியார் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். தொல்காப்பியக் கிளவியாக்கத்தைத் திறந்து காட்டுங்கள். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர் உயர்திணைக்குள்தான் வரும், அதற்கு ஆண்பால் முடிவு பொருந்தாது என்று அங்கேயே சூத்திரம் இருக்கிறது.

எனக்கு மத நம்பிக்கை காரணமாகத் திருநர் விடயத்தில் உடன்பாடில்லை. வாயைத் திறந்தாலே ‘வெறுப்பு’ என்கிறார்கள். என் போன்றவர்களுக்கு இனி இடமில்லையா? – பம்பலப்பிட்டி

இருக்கிறது. பெண்கள் விளையாட்டுப் போட்டிகளில் யார் பங்குபற்றலாம், எந்த வயதில் மருத்துவச் சிகிச்சை, திருமணம் பற்றி உங்கள் சமயம் என்ன சொல்கிறது, சட்டம் மாற வேண்டுமா கூடாதா – இவையெல்லாம் கூற்றுகள். மரியாதையான தமிழில் எழுதினால் எந்த நேர்மையான அட்மினும் நீக்கக் கூடாது.

ஆனால் “உனக்கு ஒப்பரேஷன் முடிஞ்சுதா?” என்பது கருத்தில்லை. கர்ப்பப்பை எடுத்தாச்சா என்று வேறொரு வகுப்புத் தோழியிடம் 600 பேர் முன்னால் கேட்பீர்களா? நேரமும் முக்கியம். அவ தன் தாயின் மரண அறிவித்தல் போட்ட இடத்தில் அந்த விவாதத்தைத் தொடங்குவது, சரியான வாதத்தைக்கூடக் கேவலமாக்கும். குழுவில் இருக்கும் ஒரேயொரு திருநங்கை உலகத்திலுள்ள எல்லாத் திருநருக்காகவும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரும் அல்ல. கேள்வியைக் குழுவுக்குக் கேளுங்கள், அவவைக் குறியிட்டுக் கேட்காதீர்கள்.

யாரும் கேளாமலே கிழமைக்கு நான்கு முறை ஒருவர் இதையே இழுத்தால், அட்மின் ‘ஞாயிறு மாலை ஒரு விவாதம், அதற்கு வெளியே வேண்டாம்’ என்று ஒதுக்கலாம். மாவீரர் நாளையோ 13ஆம் திருத்தத்தையோ இழுத்துக்கொண்டே இருப்பவருக்கும் அதே விதி. உங்களை ‘மதவெறியன்’ என்று ஒருவர் எழுதினால் அதுவும் நீங்க வேண்டும், அது ஆளைத் தாக்குவது. ஒரு பக்கத்து மீறல் மட்டும் கண்ணில் படும் அட்மினை மாற்றச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

விவாதத்தில் ‘இது மனநோய் என்று வைத்தியமே சொல்கிறது’ என்று எழுத நினைத்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட 11ஆவது நோய் வகைப்பாட்டில் இது மனநலக் கோளாறுகளின் பட்டியலில் இல்லை. பாலியல் சுகாதாரம் பற்றிய அத்தியாயத்துக்கு மாற்றப்பட்டது. 2022 ஜனவரி 1 முதல் அந்த வகைப்பாடு நடைமுறையில் இருக்கிறது.

‘இலங்கையில் இதெல்லாம் சட்டவிரோதம், பேச விட்டால் அட்மினைப் பிடிப்பார்கள்’ என்று ஒருவர் பயமுறுத்துகிறார். – வெள்ளவத்தை

அவர் பல சட்டங்களை ஒன்றாகக் கலக்கிறார்.

1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் சில பாலியல் செயல்களைக் குற்றமாக்குகின்றன. 1995 திருத்தத்துக்குப் பிறகு 365அ ஆண் பெண் இருபாலாருக்கும் பொருந்தும். திருநராக இருப்பதையோ அதைப் பற்றிப் பேசுவதையோ இவை குற்றம் என்று சொல்லவில்லை. ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவும் 1841ஆம் ஆண்டு நாடோடிகள் கட்டளைச் சட்டமும் திருநருக்கு எதிராகப் பொலிஸாரால் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன. அதனால்தான் பயம் வெறும் கற்பனையுமல்ல.

மறுபக்கம், சுகாதார அமைச்சு 2016இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி மனநல வைத்திய நிபுணரூடாகப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். அதைக் கொண்டு பதிவாளர் நாயகத்தின் ஊடாகப் பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் மாற்றலாம். ஒரே அரசாங்கம் ஒரு கையால் சான்றிதழ் கொடுக்கிறது, மறு கையில் பழைய சட்டக்கோவையை வைத்திருக்கிறது. இந்த முரண்பாட்டைத்தான் குழுவில் விவாதிக்க வேண்டும்.

365ஐத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் (Supreme Court) 2023 மே மாதம் தீர்மானித்தது. பால்நிலை சமத்துவச் சட்டமூலம் முரணானது என்று 2024 ஜூனில் தீர்மானித்தது. இரண்டையும் ஒன்றாக்கி ‘கோர்ட் தடை செய்துவிட்டது’ என்று ஃபோர்வேர்ட் சுற்றுகிறது. அவை இரண்டு வெவ்வேறு சட்டமூலங்கள்.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அதிலுள்ள பொய்க்கூற்றுப் பிரிவுகள் பரந்தவை என்ற கடும் விமர்சனம் நியாயமானது. ஆனால் துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவரின் தனிப்பட்ட தகவலை வெளியிடுவதையும் அது குற்றமாக்குகிறது. பிறரின் இரகசியத்தைக் குழுவில் போடுபவர்தான் பயப்பட வேண்டியவர். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம் (ICCPR) எனப்படும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, தேசிய, இன, மதப் பகைமையைத் தூண்டுவதைத் தடுக்கிறது. பால்நிலை அந்தப் பட்டியலில் இல்லை. அந்தப் பிரிவில் பிடிபட்டால் பிணை மேல் நீதிமன்றத்தில்தான். பகைமையைத் தூண்டாதவர்களும் அதில் சிக்கியிருக்கிறார்கள்: வெறுப்புப் பேச்சுக்கு எதிராக எழுதியதற்காக 2020 ஏப்ரலில் கைதான றம்ஸி றாஸிக்கின் உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. எனவே இன, மதச் சண்டை தொடங்கினால் அட்மின் தாமதிக்கக் கூடாது. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் மூன்றையுமே அரசாங்கம் முடக்கியது நினைவிருக்கும்.

எங்கள் பேஸ்புக் பக்கத்தில் கெட்ட சொற்களைத் தானாகத் தடுக்கப் பட்டியல் போட்டேன். நல்ல பின்னூட்டங்கள் மறைகின்றன, கெட்டவை நிற்கின்றன. ஏன்? – வத்தளை

பட்டியலில் ‘அலி’ போட்டிருப்பீர்கள். அது திருநரை இழிவுபடுத்தும் சொல், உண்மை. ஆனால் முஸ்லிம் பெயரும் அதுதான். எங்கள் ஊரில் அந்தச் சொல்லை மறைத்தால் பாதி நாள் மறைவது யாரோ ஓர் அலி நானாவின் வாழ்த்துத்தான். ‘ஒன்பது’ போட்டால் ‘ஒன்பது மணிக்குக் கூட்டம்’ மறையும். ரோமன் எழுத்தில் தடுக்கும்போது நிலைமை இன்னும் மோசம்: வலிகாமம், வாலிபர் என்று எழுதினாலும் அந்த மூன்று எழுத்து நடுவில் நிற்கும்.

தமிழ் வேற்றுமை உருபு ஏற்கும் மொழி. ஒரு சொல்லைத் தடுத்தால் அதன் ‘-ஐ’, ‘-க்கு’, ‘-கள்’, ‘-மாதிரி’ எல்லாம் தப்பிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத காரணமும் ஒன்றிருக்கிறது: ‘ொ’ என்ற குறியை யுனிகோடில் ஒரே எழுத்தாகவும் தட்டலாம், ‘ெ’யும் ‘ா’வும் சேர்த்தும் தட்டலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், வடிகட்டிக்கு இரண்டும் வேறாகத் தெரியலாம். படத்தில் எழுதிய வசவையும் குரல் பதிவையும் வடிகட்டி தொடவே தொடாது. சிங்கள வசவான ‘பொன்னயா’வை நம்மவர்கள் தமிழ், ரோமன், சிங்களம் என்று மூன்று எழுத்திலும் எழுதுகிறார்கள். மூன்றையும் பட்டியலில் சேருங்கள்.

ஆகவே பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். வேறு அர்த்தமே இல்லாத வசவுகள் பேஸ்புக்கின் தடைப் பட்டியலுக்கு. அதில் 1,000 சொற்கள் வரை, எந்த மொழியிலும், இமோஜியும் சேர்த்து இடலாம். ‘அலி’, ‘ஒன்பது’ போன்ற இரட்டை அர்த்தச் சொற்களை அங்கே போடாமல், நாளுக்கு இரண்டு தரம் பின்னூட்டங்களில் தேடிப் பாருங்கள். மறைப்பதும் நீக்குவதும் ஒன்றல்ல: மறைத்த பின்னூட்டம் எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் தொடர்ந்து தெரியும். அதனால் சண்டையை வளர்க்காமல் ஆறவைக்க மறைத்தல் உதவும். ஒருவரின் முகவரி, படம், பழைய பெயர் வந்தால் மறைக்க வேண்டாம், நீக்குங்கள். எழுதியவரின் நண்பர்கள்தானே அதைப் பார்க்கவே கூடாதவர்கள்.

ஸூமில் ‘திருநரும் வேலைவாய்ப்பும்’ என்று கலந்துரையாடல் வைக்கப் போகிறோம். கடந்த முறை யாரோ புகுந்து ஆபாசப் படம் போட்டார்கள். – நுகேகொடை

இணைப்பை முகநூலில் பகிரங்கமாகப் போட்டிருப்பீர்கள், அதுதான் வாசல். பதிவு செய்தவர்களுக்கு மட்டும், தொடங்குவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் அனுப்புங்கள். காத்திருப்பு அறையைத் திறந்து வையுங்கள். திரை பகிர்வு ஹோஸ்டுக்கு மட்டும். சற் பெட்டி ஹோஸ்டுக்கும் இணை ஹோஸ்டுக்கும் மட்டும் போகட்டும், கேள்விகளை ஒருவர் வாசித்துச் சொல்லலாம். தாமே மைக் திறப்பதை நிறுத்துங்கள். பெயர் மாற்றும் வசதியை முதல் 10 நிமிடம் திறந்து வைத்துவிட்டுப் பிறகு மூடுங்கள். தொடக்கத்திலேயே மூடினால், ஸூம் கணக்கில் பழைய பெயர் கிடக்கும் ஒருவர் அந்தப் பெயரோடு எல்லோர் முன்னாலும் நிற்க நேரிடும். ‘என்ன பெயரில் தெரிய வேண்டுமோ அந்தப் பெயரில் உள்ளே வாருங்கள், கமெரா கட்டாயமில்லை’ என்று அழைப்பிதழிலேயே எழுதுங்கள்.

ஆட்கள் மூன்று: பேச்சை நடத்துபவர், காத்திருப்பு அறையைப் பார்ப்பவர், சற் பார்ப்பவர். ஒருவரே மூன்றையும் செய்யும் கூட்டத்தில்தான் படம் ஏறுகிறது. ஏதாவது நடந்தால் ‘ஹோஸ்ட் கருவிகள்’ (Host tools) பொத்தானில் ‘பங்குபற்றுவோரின் செயற்பாடுகளை நிறுத்து’ என்பதை அழுத்துங்கள், எல்லாக் கமெராவும் மைக்கும் ஒரே தட்டில் நிற்கும். பிறகு ஆளைத் தேடி எடுக்கலாம். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் அறை மூடிவிடும். சூடான கேள்வி 38ஆவது நிமிடத்தில் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் காலத்தில் மட்டும் தனி விதி தேவையா? – மட்டக்குளி

இரண்டே இரண்டு. வாக்கெடுப்புக்கு முந்திய 48 மணி நேரம் அமைதிக் காலம். 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கு 18ஆம் திகதி நள்ளிரவோடு பிரசாரம் முடிந்தது. அந்த நேரத்தில் குழுவைப் பூட்டிவிடுங்கள், அவசரத் தகவலை அட்மின் போடலாம். மற்றது, ‘முடிவு வந்துவிட்டது’ என்று வரும் படங்கள். அந்தத் தேர்தலில் வாக்களிப்பு மாலை 4 மணிவரை நடந்தது. அதற்கு முன் வந்த எந்த ‘முடிவும்’ போலி, விவாதமே தேவையில்லை. ‘மூன்று விருப்பும் போடாவிட்டால் வாக்குச் செல்லாது’ என்ற பொய்யும் அப்போது சுற்றியது. ஒரு வேட்பாளருக்கு மட்டும் அடையாளமிட்டாலும் அது செல்லும்.

இலண்டன் உறுப்பினர் ஒருவர் ‘பிரித்தானிய நீதிமன்றமே தீர்த்துவிட்டது’ என்று விவாதத்தை முடித்துவிடுகிறார். – வெள்ளவத்தை

2025 ஏப்ரல் 16 தீர்ப்பைச் சொல்கிறார். பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்ற சொல் உயிரியல் பாலைக் குறிக்கும் என்று அந்நாட்டு மீயுயர் நீதிமன்றம் விளக்கியது. அந்த ஒரு சட்டத்தின் சொல்லுக்கான விளக்கம் அது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று வேறுவிதமாக, தம் பால்நிலையைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. இரண்டும் இங்கே கட்டுப்படுத்தாது. மெசேஜை நீக்க வேண்டியதில்லை, எந்த நாட்டுச் சட்டம் என்று எழுதச் சொல்லுங்கள்.

போலிக் கணக்குகளைத் தடுக்க, சேர்பவர்களிடம் அடையாள அட்டைப் படம் கேட்கிறோம். சரியா? – கிருலப்பனை

வேண்டாம். நமது அடையாள அட்டை இலக்கத்திலேயே பால் இருக்கிறது. பிறந்த ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கம் வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டப்படும். பழைய 9 இலக்க அட்டையிலும் புதிய 12 இலக்க அட்டையிலும் அப்படித்தான். பெயரை மறைத்து இலக்கத்தை மட்டும் அனுப்பச் சொன்னாலும் ஒரு திருநரைக் காட்டிக்கொடுக்க அது போதும். பழைய மாணவர் என்றால் எந்த ஆண்டு, எந்த வகுப்பாசிரியர் என்று கேளுங்கள், அல்லது இரண்டு உறுப்பினர் அறிமுகம் செய்யட்டும். இதுவரை வாங்கிய படங்களை இன்றே அழியுங்கள், கூகிள் டிரைவில் ஏறியிருந்தால் அங்கேயும், அதன் குப்பைத் தொட்டியிலும்.

குழுவில் ஒருவர், இன்னொருவர் திருநர் என்று படத்தோடு போட்டுவிட்டார். வீட்டாருக்குத் தெரியாதாம். முதலில் என்ன செய்ய வேண்டும்? – கொழும்பு 6

நீக்குவதற்கு முன் பத்து விநாடி: அனுப்பியவரின் இலக்கமும் நேரமும் தெரிய ஒரு ஸ்கிரீன்ஷொட். அதன்பின் நீக்குங்கள், அனுப்பியவரை வெளியேற்றுங்கள், குழுவை அட்மின் மட்டும் என்று பூட்டுங்கள். இங்கே மூன்று படியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

அடுத்ததாகப் பாதிக்கப்பட்டவருக்கு நீங்களே அழைத்துச் சொல்லுங்கள், வேறு வழியாக அவருக்கு எட்டுவதற்கு முன். என்ன போடப்பட்டது, எத்தனை நிமிடம் இருந்தது, நீக்கியாயிற்று. ‘உண்மையா?’ என்று கேட்க வேண்டாம். யார் யார் பார்த்தார்கள் என்பதை அட்மினால் பார்க்க முடியாது, ‘மெசேஜ் விபரம்’ அனுப்பியவருக்கு மட்டுமே தெரியும். படங்கள் தானாகச் சேமிக்கப்படும் தொலைபேசிகளில் அது நிற்கவும் கூடும். இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அவர் அதற்கேற்ப முடிவெடுக்கட்டும். இன்றிரவு வீட்டில் இருப்பது பாதுகாப்பா, போக வேறிடம் உண்டா என்று கேளுங்கள். தெரியாத இலக்கங்களிலிருந்து அழைப்பு வரத் தொடங்கும், வட்ஸ்அப் தனியுரிமை அமைப்பில் அவற்றை ஒலிக்காமல் செய்யலாம். குழுவிலிருந்து விலக விரும்பினால், விலகுவது அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிக்கப்படும். ஆனால் உறுப்பினர் பட்டியலின் அடியில் 60 நாளைக்கு விலகியவர் பெயர் தெரியும்.

ஸ்கிரீன்ஷொட்டை அவரிடம் ஒப்படையுங்கள். பொலிஸில் முறையிடுவதா என்பது அவருடைய தீர்மானம், முறைப்பாட்டில் அவருடைய விபரமும் எழுத்தில் ஏறும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996, மனநல உதவிக்கு 1926 என்ற இரண்டு இலக்கங்களையும் கொடுத்துவையுங்கள்.

குழுவுக்கு எழுதும்போது அவருடைய பெயரை எழுதாதீர்கள். ‘அது பொய்’ என்றும் எழுதாதீர்கள், மறுப்பும் ஒரு வகைப் பரப்புரைதான். இவ்வளவு போதும்: ‘உறுப்பினர் ஒருவரின் தனிப்பட்ட விடயம் அவர் அனுமதியின்றிப் போடப்பட்டது. நீக்கிவிட்டோம். போட்டவர் குழுவில் இல்லை. உங்கள் தொலைபேசியில் படம் இருந்தால் அழியுங்கள், யாருக்கும் அனுப்ப வேண்டாம். குழு இரவு 9 மணிக்குத் திறக்கும், இதுபற்றி இங்கே பேச்சு இல்லை.’ சொன்ன 9 மணிக்குத் திறந்துவிடுங்கள். திறந்ததும் முதல் அரை மணி நேரம் அட்மின்களில் இருவர் விழித்திருக்க வேண்டும், ‘யார் அது?’ என்ற கேள்வி அப்போதுதான் வரும்.